விசைகள் சமனாகிவிட்டால் பொருள் நின்றுவிடுமா? தேர் வடம் முதல் ஊஞ்சல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளையார்பட்டியில் விநாயகர் சதுர்த்தித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களிடம், தேர் நடை வேகத்தில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது வடத்தின் இழுப்பு பெரிதா, அதைத் தடுக்கும் விசைகள் பெரிதா என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் இழுப்புதான் பெரிது என்பார்கள். இல்லாவிட்டால் தேர் எப்படி ஓடும் என்று திருப்பிக் கேட்கவும் செய்வார்கள். அந்த விடை தவறு. வேகமும் திசையும் மாறாமல் ஓடும் தேரில் இழுப்பும் தடுப்பும் சரிக்குச் சரியாக இருக்கின்றன. இழுப்பு ஒரு பங்கு மிகுந்திருந்தாலும் தேர் ஓடிக்கொண்டு மட்டும் இராது. நொடிக்கு நொடி வேகம் கூடிக்கொண்டே போகும்.

பொருளின் மீது செயல்படும் விசைகள் அனைத்தையும் திசையோடு சேர்த்துக் கூட்டும்போது சுழி வந்தால் அவை சமன் செய்யப்பட்ட விசைகள். அப்போது அப்பொருளின் திசைவேகம் மாறாது. நின்றிருந்தது நின்றபடியே இருக்கும், ஓடிக்கொண்டிருந்தது அதே வேகத்தில் அதே நேர்கோட்டில் ஓடும். கூட்டுத்தொகை சுழியாக இல்லையென்றால் அவை சமன் செய்யப்படாத விசைகள். அப்போது திசைவேகம் மாறியே தீரும். இயக்கம் தொடர்வதற்கே ஒரு விசை தேவை என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து நிலவிய கருத்தைக் கலிலியோ தம் சாய்தளச் சோதனைகளால் அசைத்தார். விசைகள் சமனாக இருந்தால் திசைவேகம் மாறாது என்பதை நியூட்டன் 1687-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் முதல் இயக்க விதியாகவே எழுதி வைத்தார். விதியை மனப்பாடம் செய்வது எளிது. ஒரு வாளியையோ தூணையோ காட்டிக் கேட்கும்போது அதைப் பிசகாமல் பயன்படுத்துவதுதான் கடினம் என்பதால், அதற்கான ஒழுங்கு முறையைப் படிப்படியாகவே பார்ப்போம்.

முதற்படி: எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் மீது செயல்படும் விசைகளை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். அது பிறவற்றின் மீது செலுத்தும் விசைகள் அப்பொருளின் கணக்கில் வரவே கூடாது. இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்கள்தான் பின்னால் குழம்புகிறார்கள்.

கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்), பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்குத் தூண் ஒன்று கல்லின் மேல் நிற்கிறது என்று கொள்வோம். தூணின் மீது மூன்று விசைகள் செயல்படுகின்றன: தூணின் சொந்த எடை கீழ்நோக்கியும், மேலே தாங்கியிருக்கும் உத்தரமும் ஓடும் தரும் அழுத்தம் கீழ்நோக்கியும், அடியில் உள்ள கல் தரும் செங்குத்து எதிர்விசை மேல்நோக்கியும் இருக்கின்றன. முதலிரண்டின் கூட்டுத்தொகைக்கு மூன்றாவது சமம். ஆகவே தூண் நிற்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி கூறும் விசையும் எதிர்விசையும்கூட ஒன்றுக்கொன்று சமமாகவும் எதிராகவும் இருப்பவைதாம். அதனால் பலர் அவற்றையே சமன் செய்யப்பட்ட விசைகள் என்று எழுதிவிடுகிறார்கள். அவை ஒருபோதும் ஒன்றையொன்று சமன் செய்வதில்லை, ஏனெனில் அவை இரண்டு வேறு பொருள்களின் மீது செயல்படுகின்றன. தூண் கல்லை அழுத்துவது கல்லின் கணக்கு. கல் தூணைத் தாங்குவது தூணின் கணக்கு. தூணின் எடைக்கு மூன்றாம் விதிப்படியான இணை எது என்று கேட்டால், கல்லின் எதிர்விசை என்று சொல்வது பிழை. தூண் பூமியைத் தன்னை நோக்கி இழுக்கும் விசையே அதன் இணை.

இரண்டாம் படி: விசைகளைக் கணக்கெடுத்தல்

தேர்ந்தெடுத்த பொருளைச் சுற்றி மனத்தால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டில் அதைத் தொடுபவை எவையெவை என்று பாருங்கள். கயிறு தொட்டால் இழுவிசை, தளம் தொட்டால் செங்குத்து எதிர்விசையும் உராய்வும், காற்றோ நீரோ தொட்டால் அவற்றின் தடை. தொடாமலே செயல்படுவனவற்றில் நம் அன்றாட எடுத்துக்காட்டுகளுக்குப் புவியீர்ப்பு ஒன்றே போதும். காந்தமும் மின்னூட்டமும் இருந்தால் மட்டுமே அவற்றைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விசைக்கும், அதைச் செலுத்தும் பொருளின் பெயரைச் சொல்ல முடியவேண்டும். சொல்ல முடியாத விசை இல்லாத விசை.

இந்தச் சோதனையில் தோற்றுப்போகும் கற்பனை விசை ஒன்று உண்டு. ஆத்தங்குடிக் கல் என்னும் தரை ஓடு பதித்த வழவழப்பான பட்டாலையில் (கூடத்தில்) ஒரு சிறுவன் கோலிக்குண்டை உருட்டிவிடுகிறான். குண்டு கையை விட்டுப் போன பிறகு அதன் மீது முன்னோக்கிச் செயல்படும் விசை எது? கை கொடுத்த விசை என்று எழுதுபவர்கள் மிகப் பலர். ஆனால் கை இப்போது குண்டைத் தொடவில்லை. முன்னோக்கி எந்த விசையும் இல்லை. எடையும் தளத்தின் எதிர்விசையும் தம்முள் சமனாகிவிடுகின்றன. மீதமிருப்பது தளமும் காற்றும் தரும் சிறிய பின்னோக்கிய தடை மட்டுமே. குண்டு முன்னே செல்வது ஏற்கெனவே பெற்ற வேகத்தால். அதன் வேகம் குறைவது பின்னோக்கிய விசையால். கண்ணாடித் தட்டின் மேல் வார்க்கப்படுவதால் ஆத்தங்குடிக் கல்லின் முகம் வழவழப்பாக அமைகிறது. அதனால் அங்கே தடை சிறிது, குண்டு நெடுந்தூரம் ஓடுகிறது. அதே குண்டைச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் அதே வேகத்தில் விட்டால் விரைவில் நின்றுவிடும்.

மூன்றாம் படி: படம் வரைதல்

பொருளை ஒரு புள்ளியாகவோ சிறு பெட்டியாகவோ வரைந்து, ஒவ்வொரு விசைக்கும் ஓர் அம்பு இடுங்கள். அம்பின் நீளம் விசையின் அளவையும் முனை திசையையும் காட்டவேண்டும். வேகத்திற்கான அம்பை இந்தப் படத்துக்குள் வரையாதீர்கள். வேண்டுமானால் தள்ளி, வேறு நிறத்தில் வரையலாம். வேகம் விசையன்று.

நான்காம் படி: தொகுபயன் விசையைக் காணுதல்

விசைகள் அனைத்தையும் திசையோடு கூட்டினால் கிடைப்பதே தொகுபயன் விசை. ஒரே கோட்டில் அமைந்த விசைகள் என்றால் வேலை எளிது: ஒரே பக்கம் என்றால் கூட்டவேண்டும், எதிரெதிர்ப் பக்கம் என்றால் கழிக்கவேண்டும். சாய்ந்து செயல்படும் விசைகளை மட்டும் முன்பக்கக் கூறு, பக்கவாட்டுக் கூறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு திசையில் சமன், இன்னொரு திசையில் சமனின்மை என்று இருப்பது மிகவும் இயல்பு; கிடையாக வேகம் கூடும் பேருந்தில்கூட மேல்கீழ்த் திசையில் விசைகள் சமனாகவே இருக்கும்.

விசையின் அலகு நியூட்டன். 1 கிலோகிராம் நிறையின் வேகத்தை ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1 மீட்டர் வீதம் மாற்றும் விசை 1 நியூட்டன். புவிப்பரப்பில் 1 கிலோகிராமின் எடை ஏறக்குறைய 9.8 நியூட்டன்.

ஐந்தாம் படி: விசையையும் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தல்

தொகுபயன் விசை சுழியென்றால் கணக்கு முடிந்தது: திசைவேகம் மாறாது. சுழியில்லையென்றால் தொகுபயன் விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், கிடைக்கும். அந்த விசை வேகத்தின் திசையிலேயே இருந்தால் வேகம் கூடும்; எதிர்த்திசையில் இருந்தால் குறையும்; குறுக்கே செங்குத்தாக இருந்தால் வேகத்தின் அளவு மாறாமல் திசை மட்டும் திரும்பும்; சாய்வாக இருந்தால் இரண்டும் மாறும். மாறாத வேகத்தில் வளைவில் திரும்பும் வண்டியின் மீது விசைகள் சமனாக இல்லை என்பதை மாணவர்கள் மட்டுமல்ல, பாடம் நடத்துபவர்களும் சில வேளை மறந்துவிடுகிறார்கள்.

கிணற்று வாளியில் ஒரு முழுக் கணக்கு

வாளியும் நீரும் சேர்ந்து 10 கிலோகிராம் என்று கொள்வோம். வாளியின் மீது இரண்டே விசைகள்: 98 நியூட்டன் எடை கீழ்நோக்கி, தாம்புக்கயிற்றின் இழுவிசை மேல்நோக்கி. கயிற்றின் எடையையும் காற்றின் தடையையும் விட்டுவிடலாம்.

தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அசையாமல் தொங்கும் வாளியைத் தூக்கத் தொடங்கும்போது இழுவிசை 108 நியூட்டன் என்றால், தொகுபயன் விசை மேல்நோக்கி 10 நியூட்டன். அதை 10 கிலோகிராமால் வகுக்க, முடுக்கம் 1 மீ/வி². அரை வினாடியில் வாளியின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் ஆகிவிடுகிறது. இப்போது இழுவிசையைச் சரியாக 98 நியூட்டனுக்குக் குறைத்தால் என்ன ஆகும்? வாளி நிற்காது, வினாடிக்கு அரை மீட்டர் என்ற அதே வேகத்தில் சீராக மேலேறிக்கொண்டிருக்கும். கைப்பிடிச்சுவரை நெருங்கும்போது இழுவிசையை 88 நியூட்டனுக்குத் தளர்த்தினால் தொகுபயன் விசை கீழ்நோக்கி 10 நியூட்டன். அரை வினாடியில் வாளி நிற்கும். நின்ற அந்தக் கணத்தில் மீண்டும் 98 நியூட்டன் கொடுத்துப் பிடித்துக்கொண்டால் அது அங்கேயே தொங்கும். இப்படி அசையாமல் தொங்கும்போதும், சீராக ஏறும்போதும், காலி செய்யாமல் சீராக இறக்கும்போதும் கயிற்றின் இழுவிசை அதே 98 நியூட்டன்தான். விசைகளை மட்டும் பார்த்து, வாளி நிற்கிறதா ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இறைப்பவரின் கைக்கு மட்டும் இந்த மூன்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கயிறு ஓடும் உருளையான, எண்ணெய் காணாத சகடையின் உராய்வு ஏற்றும்போது எதிராகவும் இறக்கும்போது துணையாகவும் அமைவதால், கை ஏற்றும்போது 98 நியூட்டனுக்கு மேலும் இறக்கும்போது அதற்குக் குறைவாகவும் உணர்கிறது. அந்த வேறுபாடு சகடையின் கணக்கே தவிர, வாளியின் கணக்கன்று. முதற்படியின் தேவை இங்கே விளங்கும்.

வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது கயிறு அறுந்துவிட்டால்? அந்தக் கணத்திலிருந்து தொகுபயன் விசை கீழ்நோக்கி 98 நியூட்டன். ஆயினும் வாளி உடனே விழத் தொடங்காது. ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் இன்னும் மேலே ஏறிய பிறகே திரும்பும். அந்தச் சிறு நேரத்தில் விசை கீழ்நோக்கி, இயக்கம் மேல்நோக்கி. இது புரிந்துவிட்டால் மேலே எறிந்த பந்தின் கணக்கும் புரிந்துவிடும்.

தேரின் கணக்கு: உராய்வுக்கு ஒரே அளவு இல்லை

தேரில்தான் எல்லாவகை நிலைகளும் ஒருசேரக் காணக் கிடைக்கின்றன. அதனால் சற்று விரிவாகவே பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. எந்தக் கோயில் தேரின் அளவும் அல்ல. தேரின் நிறை 20,000 கிலோகிராம்; நிற்கும் தேரை அசைக்க மீறவேண்டிய தடை 28,000 நியூட்டன்; உருளத் தொடங்கியபின் தடை 22,000 நியூட்டன்; இழுப்பவர்கள் 200 பேர், ஆளுக்குச் சராசரியாக 150 நியூட்டன்.

முதலில் நூறு பேர் மட்டும் இழுக்கிறார்கள். இழுப்பு 15,000 நியூட்டன். தேர் அசையவில்லை. தடை எவ்வளவு? 28,000 என்று எழுதினால் தேர் பின்னோக்கி நகர்ந்திருக்க வேண்டும் என்று ஆகிவிடும். நிலை உராய்வு தேவைப்படும் அளவுக்கு மட்டுமே எழும். இப்போது அது சரியாக 15,000 நியூட்டன். இழுப்பு 20,000 ஆனால் தடையும் 20,000. 28,000 என்பது அது எட்டக்கூடிய எல்லையே ஒழிய, எப்போதும் இருக்கும் அளவு அன்று.

இருநூறு பேரும் சேர்ந்தால் 30,000 நியூட்டன்; எல்லை மீறப்படுகிறது, தேர் அசைகிறது. அசைந்த உடனே தடை 22,000-க்கு இறங்கிவிடுவதால் தொகுபயன் விசை 8,000 நியூட்டன்; முடுக்கம் 0.4 மீ/வி². தேர் அசைந்ததும் திடீரென்று வேகமெடுப்பதுபோல் தோன்றுவதன் காரணம் இதுதான். இரண்டரை வினாடியில் வேகம் வினாடிக்கு 1 மீட்டர், அதாவது மெதுவான நடை. இந்த வேகத்தில் கூட்டம் இழுப்பைத் தளர்த்தி 22,000 நியூட்டனில் வைத்தால், தேர் அதே நடையில் சீராகச் செல்லும். விசைகள் சமன், ஆனால் தேர் ஓடுகிறது.

நிறுத்தவேண்டிய இடத்தில் சக்கரத்துக்கு முன்னே முட்டுக்கட்டை போடுகிறார்கள். தடை 40,000 நியூட்டனுக்கு உயர்ந்தது என்றும், வடத்தில் இன்னும் 22,000 நியூட்டன் இழுப்பு இருக்கிறது என்றும் கொண்டால், பின்னோக்கிய தொகுபயன் விசை 18,000 நியூட்டன். வேகம் குறையும் வீதம் 0.9 மீ/வி², தேர் சற்றேறக்குறைய 1.1 வினாடியில், அரை மீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்து நிற்கும். நின்றபின் தடை 40,000-இலேயே நிற்பதில்லை. வடத்தின் இழுப்புக்குச் சமமான 22,000-க்கு இறங்கி, விசைகள் மீண்டும் சமனாகின்றன.

இருநூறு பேரும் நூறு நூறாக இரண்டு வடங்களைப் பிடித்திருக்க, அவை நேராகச் செல்லாமல் பக்கவாட்டில் விரிந்து போனால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு வடத்திலும் 15,000 நியூட்டன். தேர் செல்லவேண்டிய திசையிலிருந்து ஒவ்வொன்றும் 10 பாகை விலகியிருந்தால், பக்கவாட்டுக் கூறுகள் ஒன்றையொன்று சமன் செய்துவிட, முன்னோக்கிய இழுப்பு ஏறக்குறைய 29,500 நியூட்டன், தேர் அசையும். 30 பாகை விலகினால் முன்னோக்கிய இழுப்பு ஏறக்குறைய 26,000 நியூட்டன்தான். 28,000-ஐ எட்டாததால் அதே இருநூறு பேர், அதே பலத்தோடு இழுத்தும் தேர் அசையாது. வடம் பிடிப்பவர்களை ஒழுங்குபடுத்துபவர்கள் வரிசை விரியாமல் பார்த்துக்கொள்வதற்கு இந்தக் கணக்கிலும் நியாயம் இருக்கிறது.

ஊஞ்சல்: நிற்கும் கணமும் சமன் அல்ல

ஊஞ்சல் ஆடும்போது, ஒவ்வொரு பக்கத்திலும் உச்சியில் அது ஒரு கணம் நிற்கிறது. அங்கே விசைகள் சமனா? சமனாக இருந்தால் அது அங்கேயே நின்றுவிட்டிருக்கும். வேகம் சுழியாக இருப்பது வேறு, வேகம் மாறாமல் இருப்பது வேறு. உச்சியில் வேகம் சுழி, ஆனால் எடையின் ஒரு கூறு ஊஞ்சலைத் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கிறது.

அடிப்புள்ளியில் கேள்வி இன்னும் நுட்பமானது. ஆளும் பலகையும் சேர்ந்து 60 கிலோகிராம், சங்கிலியின் நீளம் 2.5 மீட்டர், அடியில் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்றால், வட்டப் பாதையில் திருப்புவதற்குத் தேவையான மையநோக்கு விசை 60 × 4 ÷ 2.5 = 96 நியூட்டன். எடை 588 நியூட்டன். ஆகவே சங்கிலிகளின் மொத்த இழுவிசை 684 நியூட்டனாக இருக்கவேண்டும். வேகத்தின் திசையில் விசை ஏதும் இல்லாததால் அக்கணத்தில் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேல்நோக்கி 96 நியூட்டன் மிகுந்திருப்பதால் திசை திரும்புகிறது. நிற்கும் ஊஞ்சலைத் தாங்கும் கொக்கி ஆடும் ஊஞ்சலையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

வீட்டில் செய்து பார்க்க

பயணப்பெட்டியின் எடை பார்க்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று போதும். அட்டைப்பெட்டியில் நான்கைந்து கிலோ அரிசியை வைத்து, தராசின் கொக்கியைப் பெட்டியில் மாட்டி, தரையோடு ஒட்டிக் கிடையாக இழுங்கள். மெல்ல மெல்ல இழுப்பைக் கூட்டும்போது எண் ஏறிக்கொண்டே போகும். பெட்டி அசையும் கணத்தில் உச்சம் தொட்டு, பிறகு சற்று இறங்கும். தராசு காட்டும் கிலோகிராமை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் கிடைக்கும், 1.5 என்று காட்டினால் இழுப்பு 14.7 நியூட்டன்.

அடுத்தது முக்கியமான பகுதி. பெட்டியை மிக மெதுவாக, ஆனால் ஒரே சீராக இழுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைவிட இருமடங்கு வேகத்தில், அதுவும் ஒரே சீராக, இழுத்துக் குறியுங்கள். இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வேகமாகப் போகும் பெட்டிக்கு மிகுந்த விசை தேவையென்றால் இப்படி வராது. வேகத்தை மாற்றும் இடைவேளைகளில் மட்டுமே எண் கூடும் அல்லது குறையும். எண் தாவிக்கொண்டே இருந்தால் கை சீராக இல்லை என்று பொருள். இன்னொருவரைத் தராசைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நீங்கள் இழுப்பதில் மட்டும் கவனம் வையுங்கள். வழவழப்பான தரையில் ஒரு முறையும் சொரசொரப்பான தரையில் ஒரு முறையும் செய்து ஒப்பிடுவது நல்லது.

சோதனையே தேவைப்படாத இன்னொரு சான்று ரயிலில் கிடைக்கும். காரைக்குடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பல்லவன் விரைவு ரயில் நேரான பாதையில் மாறாத வேகத்தில் ஓடும்போது, உட்கார்ந்திருக்கும் பயணியின் மீது கிடைத்திசையில் எந்த விசையும் தேவைப்படுவதில்லை. எடையும் இருக்கையின் எதிர்விசையும் மட்டும் இருந்து சமனாகின்றன. பிரேக் போடும்போது ரயிலின் வேகம் குறைகிறது; பயணியின் வேகத்தைக் குறைக்கும் விசையை இருக்கையோ, பிடித்திருக்கும் கம்பியோதான் தரவேண்டும். அது போதாதபோது அவர் தம் பழைய வேகத்திலேயே செல்வதால், முன்னே தள்ளப்பட்டதுபோல் உணர்கிறார். அவரை முன்னே தள்ளியது யார் என்று இரண்டாம் படியின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெயர் சொல்ல ஒருவரும் இல்லை.

இந்த முறையின் எல்லை

இதுவரை சொன்னவை பொருள் முழுவதும் இடம் பெயர்வதைப் பற்றியவை. விசைகளின் கூட்டுத்தொகை சுழியாக இருந்தும் பொருள் சுழலத் தொடங்குவது உண்டு. பழைய வீட்டின் முகப்புக் கதவைத் திறக்கப் பெரிய சாவியைத் திருப்பும்போது, கட்டைவிரல் சாவியின் தலையின் ஒரு பக்கத்தை ஒரு திசையிலும் சுட்டுவிரல் மறுபக்கத்தை எதிர்த்திசையிலும் ஏறக்குறைய சம அளவில் தள்ளுகின்றன. தொகுபயன் விசை சுழி என்பதால் சாவி எந்தப் பக்கமும் நகர்வதில்லை. ஆனால் இரண்டு விசைகளும் ஒரே கோட்டில் இல்லாததால் சாவி திரும்புகிறது. இத்தகைய இணையை இரட்டை என்பார்கள். ஆகவே ஒரு பொருள் நகரவும் சுழலவும் தொடங்காமல் முழுச் சமநிலையில் இருக்கிறதா என்று அறிய, விசைகளின் கூட்டுத்தொகையோடு, அவை ஏதேனும் ஒரு புள்ளியைப் பற்றி ஏற்படுத்தும் திருப்புத்திறன்களின் (அப்புள்ளியைச் சுற்றித் திருப்பும் ஆற்றல்களின்) கூட்டுத்தொகையும் சுழிதானா என்று ஆறாவது படியாகப் பார்க்கவேண்டும்.